பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

வீட்டிலே மின்விசிறி திடீரென்று நின்று விடுகிறது. அப்பா எலெக்ட்ரீஷியனை அழைத்து வருகிறார். அவர் ஏணியில் ஏறியதும் விசிறி ஒன்றும் அறியாத பிள்ளையைப் போலச் சுழலத் தொடங்குகிறது! "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று சொல்லி, வந்த கூலியை வாங்கிக்கொண்டு அவர் போகிறார். தெருமுனையைத் தாண்டுவதற்குள் விசிறி மறுபடியும் நின்று விடுகிறது. இந்த அனுபவம் இல்லாத இல்லமும் உண்டோ?

முற்றிலும் கெட்டுப்போன பொருளைச் சீர்செய்வது எளிது. அது கெட்ட நிலையிலேயே நம் முன் அசையாமல் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் விட்டு விட்டு வரும் குறை அப்படிப்பட்டதன்று. தேடினால் ஒளிந்துகொள்ளும், மறந்தால் தலைகாட்டும். இத்தகைய குறையைத் தேடும்பொழுது மனிதர் மனத்திலே இன்னொரு குறையும் தலைகாட்டுகிறது. காரணம் கிடைக்காத கோபத்திலே, கிடைத்த ஆளின் மீது பழியைப் போட்டு விடுகிறோம். இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்திலே நாங்கள் செய்ததும் இதுவே. அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வரும் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தியும் சேர்ந்து ஒரு ரோபோவைச் செய்தோம். கல்லூரி ஒன்றில் நடைபெற்ற ரோபோ கால்பந்துப் போட்டிக்காகச் செய்த நான்கு சக்கர வண்டி அது. நம் ஊர்ப் பெயரையே சற்றுத் திருத்தி அதற்கு 'இரும்புலி' என்று பெயரிட்டோம். அலுமினியச் சட்டம், நான்கு மோட்டார்கள், ஆர்டுயினோ பலகை ஒன்று, மோட்டாரை இயக்கும் எல்298என் பலகை ஒன்று, கைப்பேசியின் கட்டளையை வாங்கும் எச்சி-05 என்னும் புளூடூத் தகடு, 3.7 வோல்ட் லித்தியம் செல்கள் மூன்று. இவையே அதன் உடலும் உயிரும். புளூடூத் தகட்டின் கால்களை ஈயத்தால் பற்றவைத்தவள் அந்த எட்டாம் வகுப்புத் தங்கை. பேட்டரிக் கம்பிகளைத் திருகி முடுக்கியவர்கள் நாங்கள்.

மேசை மீது சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்படி வைத்து ஓட்டினால் இரும்புலி சொன்னபடி கேட்டது. தரையில் விட்டால் சில வேளை ஐந்து நிமிடம் பாய்ந்தோடும். சில வேளை அரை நிமிடத்தில் கல்லாய்ச் சமைந்து நிற்கும். கைப்பேசியில் 'தொடர்பு அறுந்தது' என்ற எழுத்து தோன்றும். மறுபடி இணைத்தால் உடனே ஓடும். எந்நேரம் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் முதலில் பழித்தது கூடத்தை அன்று, ஊரையே! கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தடத்தின் மின்கம்பிகள்தாம் தொல்லை செய்கின்றன என்றாள் ஒருத்தி. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் ரேடியோ அலைகளே காரணம் என்றாள் மற்றொருத்தி. புறவழிச் சாலையிலே செல்லும் லாரிகளைக்கூட நாங்கள் விட்டு வைக்கவில்லை. பள்ளி அலுவலகத்தின் வைஃபை மீதும் ஐயம் எழுந்தது. இந்த ஐயத்திலாவது சிறிது நியாயம் உண்டு. வைஃபை, புளூடூத் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசைத் தெருவிலே நடமாடுபவை. ஆனால் புளூடூத் அந்தத் தெருவை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை பாதை மாறித் தாவிச் செல்கிறது. ஒரு பாதை அடைபட்டாலும் அடுத்த பாதையில் போய்விடும். கையெட்டும் தூரத்தில் உள்ள ஒரு வண்டியை எங்கோ போகும் ரயில் தடுத்து நிறுத்துவது எளிதன்று. இதையெல்லாம் அப்பொழுது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊரைப் பழித்து அலுத்த பின், தங்கையின் பற்றவைப்பின் மீது எங்கள் கண் சென்றது. "சின்னப் பெண்ணிடம் கொடுத்தது தவறு" என்றோம். ரிச்சித் தெருவிலிருந்து புதிய புளூடூத் தகடு ஒன்றை வாங்கி வரச் செய்து நாங்களே பொருத்தினோம். அன்றிரவு பேட்டரியையும் முழுதாக மின்னேற்றினோம். மறுநாள் இரும்புலி ஒரு முறைகூட நிற்கவில்லை! "பார்த்தீர்களா, அவள் வேலைதான் கோளாறு" என்று மன்றத்திலே, இருபது பேர் முன்னிலையிலே சொன்னோம். தங்கை மறுத்து ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அவள் மன்றத்துக்கு வரவில்லை.

போட்டியிலே என்ன நடந்தது? முதல் ஆட்டம் நன்றாய் நடந்தது. இரண்டாம் ஆட்டத்தில் எதிரணி ரோபோவும் எங்கள் இரும்புலியும் பந்துக்காக முட்டி மோதிக்கொண்ட கணத்திலே தொடர்பு அறுந்தது. மீண்டும் இணைப்பதற்குள் இரண்டு கோல்கள் விழுந்தன. தோற்றுத் திரும்பினோம். "அரங்கத்திலே கைப்பேசிகள் அதிகம்" என்று எல்லோரிடமும் சொன்னோம். கூடம் மறுபடியும் கோணலாயிற்று!

அடுத்த திங்கட்கிழமை வராந்தாவிலே அந்தத் தங்கை எதிர்ப்பட்டாள். போட்டியில் நடந்ததைக் கேட்டாள். சொன்னோம். சற்று யோசித்து, "அக்கா, நின்றபோது தகட்டின் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டியதா, அல்லது முதலில் அணைந்து போனதா?" என்று கேட்டாள். எங்கள் நால்வரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அத்தனை நாளும் நாங்கள் கைப்பேசியைப் பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விளக்கைப் பார்த்தவர் இல்லை.

அந்தக் கேள்வியின் அருமையைப் படிப்பவர் உணர வேண்டும். கைப்பேசியுடன் இணைந்திருக்கும்போது அந்த விளக்கு நிதானமாகச் சிமிட்டும். இணைப்பு மட்டும் அறுந்தால் உடனே வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். ஆனால் இருண்டு போகாது. விளக்கு ஒரு கணம் அணைந்து பிறகு சிமிட்டினால், அறுந்தது ரேடியோத் தொடர்பு மட்டும் அன்று. தகட்டுக்கு வரும் மின்சாரமே குன்றிவிட்டது என்று பொருள். ஒரே கேள்வியில் ஊரிலுள்ள ரயிலையும் விமானத்தையும் வைஃபையையும் அவள் வழக்கிலிருந்து விடுவித்து விட்டாள்!

அறிவியல் டீச்சரின் அனுமதியுடன், இரும்புலியைச் சுவரில் மோதவிட்டு, கைப்பேசியில் மெதுவான வேகப் படம் எடுத்தோம். ஆறாம் முறை குறை தோன்றியது. படத்தை ஓட்டிப் பார்த்தால், புளூடூத் விளக்கு மட்டுமன்று, ஆர்டுயினோவின் விளக்கும் சேர்ந்து மங்கி அணைந்தது. பிறகு மல்டிமீட்டரை எடுத்தோம். வண்டி சும்மா நிற்கையில் எங்கும் 11.4 வோல்ட் இருந்தது. சக்கரங்களை ஒரு நொடி மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டியபோது பேட்டரியின் முனையில் 10.8 வோல்ட்; ஆனால் மோட்டார்ப் பலகையில் 6.3 வோல்ட்தான்! நடுவிலே 4.5 வோல்ட்டை விழுங்கிய கள்வன் யார்?

கம்பியை வழிநெடுகப் பின்தொடர்ந்தோம். திருகு முனையிலே, செம்புக் கம்பியின் மீது இறங்க வேண்டிய திருகு, அதன் மேலுறையின் மீது இறங்கியிருந்தது. இரண்டு மூன்று இழைகள் மட்டுமே உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஊரார் மொழியில் சொன்னால், லூஸ் கனெக்‌ஷன்! நாங்கள் பாடத்தில் படிக்கும் ஓம் விதியே மீதியை விளக்கி விட்டது. அந்த இடத்தின் தடை ஏறத்தாழ 1 ஓம். சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டம் சிறிது, இழப்பும் சிறிது. மோதி நிற்கும்போது 4 ஆம்பியர் அளவுக்கு இழுக்கின்றன. 4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைகிறது. பலகைக்கு 7 வோல்ட்டாவது வந்தால்தான் அது புளூடூத் தகட்டுக்கு நிலையான 5 வோல்ட்டைத் தர முடியும். முழுதாக மின்னேற்றிய மூன்று செல்கள் 12.6 வோல்ட் தரும். 4 போனாலும் 8.6 எஞ்சும், வண்டி ஓடும். செல்கள் பாதி தீர்ந்த பின் மோதினால் 7-க்குக் கீழே இறங்கும்; தகடு மயங்கி விழும். விட்டு விட்டு வந்த குறையின் இரகசியம் இவ்வளவுதான். புதிய தகடு போட்ட மறுநாள் வண்டி ஓடியதற்குக் காரணம் புதிய தகடு அன்று, முழுதாக ஏற்றிய பேட்டரி. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எங்களுக்குப் பிடித்த ஒன்றைக் காரணம் என்று சொன்னோம்.

அந்தத் திருகை முடுக்கியவர் யார்? நாங்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முன்னோர் சொன்னது எங்களையே குறித்தது போலும்!

நோயைக் காண்பது வேறு, நோயின் முதலைக் காண்பது வேறு என்று குறள் வகுப்பிலே படித்திருக்கிறோம். 'தொடர்பு அறுந்தது' என்பது நோயின் அறிகுறி மட்டுமே. இந்த உண்மையை நம் நாடே ஒருமுறை கண்ணீருடன் கற்றது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-2, செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் கலத்தை நிலவில் இறக்க முயன்றது. தரையை நெருங்கும் தறுவாயில் தொடர்பு அறுந்தது. அப்பொழுது நாங்கள் மிகச் சிறுமியர். பெரியவர்கள் தொலைக்காட்சி முன் வாய் பேசாது அமர்ந்திருந்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். ரேடியோவா பிழை செய்தது? இல்லை. வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்தன. அதனால் சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் விரைந்து திரும்ப வேண்டியிருந்தது, அந்த விரைவுக்கு மென்பொருள் இடம் தரவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற குறுகிய சதுரம். இஸ்ரோவின் தலைவராயிருந்த எஸ். சோமநாத் 2023-ஆம் ஆண்டிலே இவற்றை வெளிப்படையாக எடுத்துரைத்தார். எவர் தலையிலும் பழியை ஏற்றாமல் காரணங்களை மட்டும் வரிசைப்படுத்திச் சொன்னதைக் கவனியுங்கள்.

விழுந்த கலத்தின் சிதறல்களைக் கண்டறிய உதவியவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட நிலவுப் படங்களிலே முன்பு எடுத்ததையும் பின்பு எடுத்ததையும் பொறுமையாக ஒப்பிட்டு, மாறியிருந்த ஒரு சிறு புள்ளியைச் சுட்டிக் காட்டினார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து அவர் பெயரைச் சொன்னது. கோபத்தால் காணமுடியாததைக் கவனத்தால் காணலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காரணங்கள் தெரிந்தபின் திருத்தம் எளிதாயிற்று. சந்திரயான்-3-இல் ஐந்து எஞ்சின்கள் நான்காயின, இறங்குமிடம் சில கிலோமீட்டர் நீள அகலமாக விரிந்தது, கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடிற்று. 2023 ஆகஸ்டு 23 அன்று அது நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். அவர் பொறியியல் பட்டம் படித்தது நம் மேற்குத் தாம்பரத்திலுள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியல் கல்லூரியிலே என்பது நமக்கெல்லாம் பெருமை. இணைத் திட்ட இயக்குநராக நின்றவர் கல்பனா காளஹஸ்தி என்னும் பெண்மணி என்பது, இப்பள்ளியிலே படிக்கும் நமக்கு அதனினும் பெருமை.

எங்கள் கதையை அப்படியே ஒத்த கதை ஒன்று அமெரிக்காவிலும் நடந்தது. ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்று 2012 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நகரிலே நடைபெற்றது. ஐன்ஸ்டைன் என்று பெயரிட்ட மைதானத்தில் பன்னிரண்டு அணிகள். ஆட்டத்தின் நடுவே ரோபோக்கள் சில தொடர்பிழந்து நின்றன. அமைப்பினர் பன்னிரண்டு அணிகளையும் ரோபோக்களுடன் மீண்டும் அழைத்துச் சோதனை செய்து, ஜூலை மாதத்தில் அறிக்கை வெளியிட்டனர். ஒருவர் தம் கைப்பேசியால் ரோபோக்களின் வைஃபை இணைப்பைத் தடுத்தது உண்மை என்று தெரிந்தது. ஆனால் அத்தோடு முடியவில்லை. சில ரோபோக்களிலே இணைப்புகள் தளர்ந்திருந்தமை போன்ற, அந்த மனிதருக்குச் சம்பந்தமே இல்லாத குறைகளும் வெளிப்பட்டன. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அன்றே கோப்பை மூடியிருந்தால், தளர்ந்த கம்பிகள் தளர்ந்தபடியே அடுத்த ஆண்டும் மைதானத்துக்கு வந்திருக்கும்!

ஆகவே எங்கள் கருத்து இதுதான். குறையைத் தேடும் வேளையில் 'யார்?' என்னும் கேள்வியைக் கடைசியில் கேட்க வேண்டும். எப்பொழுது நின்றது? என்ன செய்துகொண்டிருக்கும்போது? விளக்கு என்ன காட்டியது? பேட்டரி எவ்வளவு? இவையே முதற்கேள்விகள். இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்திலே, நின்ற ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நாங்கள் முதல் நாளே இப்படிச் செய்திருந்தால், மோதும்போதும் பேட்டரி தாழும்போதும் மட்டுமே நிற்கிறது என்பது பத்தே வரிகளில் புலப்பட்டிருக்கும்.

"மூன்று நிமிடப் போட்டியிலே நோட்டு எழுத நேரமேது?" என்று சில தோழியர் கேட்டனர். மைதானத்திலே நேரமில்லைதான். ஆனால் அதற்கு முன்பு ஆறு வாரங்கள் இருந்தன; அவற்றைச் சண்டையிலே செலவழித்தோம். "அப்படியானால் தவறு செய்தவருக்குப் பொறுப்பே இல்லையா?" என்றும் கேட்டனர். உண்டு. சான்று காட்டிய பின் பொறுப்பை ஏற்பது நேர்மை. சான்று தேடுமுன் பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுவது அநீதி. பழிக்கு அஞ்சும் இடத்திலே எவரும் தம் தவறைச் சொல்ல முன்வர மாட்டார். சொல்லாத தவறு திருத்தப்படாது. திருகை முடுக்கியபோது 'சரியாகப் பிடிக்கவில்லையோ' என்று எங்களில் ஒருத்திக்கு அன்றே தோன்றியதாம். தங்கை பட்ட பாட்டைக் கண்ட பின் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை!

நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் கண்காட்சியிலே ஓடுகிற பொருளுக்குப் பரிசளிக்கிறோம். அதனுடன், ஓடாமற்போன நாட்களின் பதிவேட்டுக்கும் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு தந்தால் என்ன? பெற்றோர்களே, உங்களுக்கும் ஒன்று. வீட்டிலே மிக்சியோ டார்ச்சோ நின்றால், தம்பியிடம் திருப்புளியைக் கொடுத்துவிட்டு எங்களை "தொட்டால் கெடுத்து விடுவாய்" என்று விலக்காதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரியவர் அருகிலிருக்க, நாங்களும் திறந்து பார்க்கட்டும். சரியான கேள்வியைக் கேட்டவள் எட்டாம் வகுப்புச் சிறுமி என்பதை மறவாதீர்கள்.

காணாமற்போன பொருளுக்குப் புனித அந்தோணியாரை வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். போட்டிக்கு முன் காணாமற்போன சிக்னலுக்காகவும் வேண்டிக்கொண்டோம். சிக்னல் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேறொன்றை நாங்களே தொலைத்திருந்தோம். பிறர் பொருளைத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறர் நற்பெயரைக் கெடுத்தவரும் அவ்வாறே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலே சிஸ்டர் கற்பித்திருக்கிறார். தங்கையிடம் தனியே மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அக்கா" என்றாள். ஆனால் பழி சொன்னது தனியே அன்று, இருபது பேர் முன்னிலையில். ஆகையால் அதற்கும் அதிகமானோர் படிக்கும் இந்த ஆண்டு மலரிலே எழுதுகிறோம்: புளூடூத் தகட்டின் பற்றவைப்பு நன்றாகவே இருந்தது. அந்தப் பழைய தகட்டைத்தான் மீண்டும் பொருத்தியிருக்கிறோம். இன்றுவரை அது ஒரு முறையும் தவறவில்லை.

அவள் மன்றத்துக்கு மறுபடியும் வருகிறாள். முன்போலச் சிரித்துப் பேசுகிறாள் என்று சொல்ல மாட்டோம். சில நாள் பேசுகிறாள், சில நாள் ஒதுங்கி இருக்கிறாள். கம்பியை ஒரு திருகினால் இறுக்கிவிட்டோம். இதை இறுக்கும் திருப்புளி கடையிலே விற்பதில்லை. நாள்தோறும் நாங்கள் நடந்துகொள்ளும் முறையால்தான் இந்தத் தொடர்பு நிலைபெற வேண்டும்.

அடுத்த ஆண்டு இரும்புலியை அவள் தலைமையில் உள்ள அணியினரிடம் ஒப்படைத்துச் செல்வோம். வண்டியுடன் ஒரு நோட்டுப் புத்தகமும் செல்லும். அதன் முதல் பக்கத்திலே எங்கள் தவறு, நாள், நேரம், வோல்ட் அளவு எல்லாவற்றுடனும் எங்கள் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பின்வரும் தங்கையரே, உங்கள் தவறுகளை அதன் கீழே அஞ்சாமல் எழுதுங்கள்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு